ராகிக்கு நடுவே போட்ட புது ரகத் துவரை காய்க்கவில்லை: தப்பு ரகத்திலா, என்னிடமா?

கல்லுக்கொல்லை (பென்னாகரம் பக்கம்) | மாசி 9

வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது முதல் தடவை.

மூன்று ஏக்கர் செம்மண், முழுக்க மானாவாரி. தாத்தா காலத்திலிருந்தே ஆடியில் ராகி விதைப்போம். எட்டுச் சால் (வரிசை) ராகிக்கு ஒரு சால் துவரை, வரப்போரம் ஆமணக்கு, அங்கங்கே அவரை. துவரை வீட்டு விதைதான். ராகியைக் கார்த்திகையில் அறுத்துவிட்டால் துவரை தன்பாட்டுக்கு நின்று தையில் கைக்கு வரும்.

போன ஆடியில் ஒரு விதைக்கடையில், "இன்னும் எத்தனை நாளைக்கு ஆறு மாசத் துவரையைக் கட்டிக்கிட்டு அழுவீங்க" என்று ஒரு குறுகிய காலத் துவரையைக் கொடுத்தார்கள். நாலு மாதப் பயிர், குட்டையாக வரும், ஒரே நேரத்தில் காய்க்கும் என்றார்கள். ஒன்றரை ஏக்கரில் அதைப் போட்டேன். மிச்சம் ஒன்றரையில் வீட்டு விதை. ராகி இரண்டிலும் ஒன்றுதான், உழவும் உரமும் ஒன்றுதான்.

புரட்டாசிக் கடைசியில் போய்ப் பார்த்தால் புது ரகம் ராகிக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது. தண்டு பென்சில் தடிமன்கூட இல்லை. வெளிச்சத்தைத் தேடி ஒரு பக்கமாகச் சாய்ந்து, கிளையே விடாமல், உச்சியில் மட்டும் நாலு பூ. வீட்டு விதைச் செடியும் அப்போது பார்க்கப் பெரிசாக ஒன்றும் இல்லை. ஆனால் ராகி அறுத்த பதினைந்தாம் நாள் பார்த்திருக்க வேண்டும், குடை விரித்த மாதிரி கிளைத்துவிட்டது.

அடித்துத் தூற்றியபோது புது ரகத்தில் அரை மூட்டைதான். வீட்டு விதையில் இரண்டு மூட்டை.

குழப்பம் எங்கே என்றால், மிஞ்சிய ஒரு கை விதையை வீட்டுக்குப் பின்னால் குப்பைக்குழி ஓரம் தனியாக ஊன்றியிருந்தேன். அங்கே அதே ரகம் அடியிலிருந்து நுனி வரை கொத்துக் கொத்தாகக் காய்த்தது. அப்படியென்றால் விதை நல்ல விதைதானே? பிறகு கொல்லையில் என்ன ஆயிற்று?

சூளகிரி_தக்காளி | மாசி 9

பில் வாங்கினீர்களா அண்ணா? பில் இல்லாமல் வாங்கினால் இப்படித்தான். எனக்கும் ஒரு தடவை தக்காளி நாற்றில் இதே கதை.

நெறியாளர் | மாசி 9

இடையில் வந்த ஒரு பதிவில் இருந்த கடைப் பெயரை எடுத்துவிட்டேன். விதை போலி என்று இங்கே யாரும் காட்டவில்லை. பேச்சு பயிரைப் பற்றி இருக்கட்டும்.

அரூர்_சோளக்காரர் | மாசி 10

தம்பி, குப்பைக்குழி ஓரம் காய்த்ததை முதலில் கணக்கிலிருந்து எடுங்கள். குப்பைக்குழி ஓரம் ஊன்றினால் ஊன்றுகோல்கூடத் துளிர்க்கும்.

ராகிக்கு யூரியா எவ்வளவு வீசினீர்கள்? யூரியா ஏறினால் ராகி பச்சைப் பசேலென்று தூர் கட்டி நடுவில் இருக்கிற பயறை அமுக்கிவிடும். இன்னொன்று, மண்ணில் தழைச்சத்து கொட்டிக் கிடந்தால், காற்றிலிருந்து அதைப் பிடித்துக்கொடுக்கிற வேர்முடிச்சைப் பயறு கட்டாது. சும்மா கிடைக்கிற சோற்றை விட்டுவிட்டு யார் அடுப்பு மூட்டுவார்கள்? வேரைப் பிடுங்கிப் பார்த்தீர்களா?

கல்லுக்கொல்லை | மாசி 10

முதல் களைவெட்டு முடிந்து ஒரே ஒரு கை யூரியா. இரண்டு பாதிக்கும் ஒரே அளவுதான் அண்ணா.

வேர் பார்த்தேன். மண்வெட்டியால் தோண்டி, வாளித் தண்ணீரில் அலசி, முடிச்சை நகத்தால் கீறினேன். வீட்டு விதைச் செடியில் முடிச்சு மிளகு அளவுக்கு, உள்ளே ரத்தம் கலந்த மாதிரி இளஞ்சிவப்பு. புது ரகத்தில் எண்ணிக்கை குறைவு, கீறினால் பாதி வெளிறிப் பச்சையாக இருந்தது. இதுவும் விதைக் கோளாறா?

விதைக்கலயம் | மாசி 11

எனக்குச் சொந்த ஊர் பாலக்கோடு. பயிர் இனப்பெருக்கம் படித்துவிட்டு இப்போது வெளிமாநிலத்தில் விதை வேலையில் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முடிச்சு வெளிறியது விதைக் கோளாறு இல்லை. முடிச்சுக்குள் இருக்கும் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு போடுவது செடியின் இலை. இலைக்கு வெயில் கிடைக்காவிட்டால் வேருக்குச் சர்க்கரை போகாது, முடிச்சு சீக்கிரமே செத்துப் பச்சையாகிவிடும். ஆக, அது விளைவு. காரணம் மேலே, வெளிச்சத்தில் இருக்கிறது.

ராகி ஆடியில் முளைத்து ஆவணி, புரட்டாசிக்குள் தூர் கட்டிக் கதிருக்கு வந்துவிடும். மண்ணில் ஈரமும் சத்தும் அது அதிகமாக இழுப்பது அப்போதுதான். உங்கள் புது ரகம் விதைத்த அறுபது எழுபது நாளில் பூக்கிற வகை. அதாவது ராகி எப்போது எல்லாவற்றையும் பிடுங்குகிறதோ, அதே வாரங்களில் இதற்கும் எல்லாம் வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பந்தியில் உட்கார்ந்தார்கள். முன்னாலேயே பெரிய இலை போட்டு உட்கார்ந்தவன் ராகி.

உங்கள் வீட்டுத் துவரை அப்படி இல்லை. முதல் இரண்டரை மாதம் மேலே ஒன்றும் காட்டாமல் வேரைக் கீழே விட்டுக்கொண்டே இருக்கும். அது குறும்பகல் பயிர், பகல் சுருங்கினால்தான் பூக்கத் தயாராகும். ஐப்பசி, கார்த்திகையில் பகல் சுருங்கும் நேரமும் ராகி அறுப்பும் வடகிழக்குப் பருவமழையின் மிச்ச ஈரமும் ஒன்றாக வருகிறது. ராகி எழுந்து போன பிறகு இது இரண்டாம் பந்தியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுகிறது.

அந்த "வெளிச்சத்தைத் தேடிச் சாய்ந்தது" பற்றி ஒன்று. இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிவிடும், அதற்கு அடுத்த தொலைச்சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் விட்டுவிடும். அந்த விகிதம் மாறியதுமே நிழலில் இருக்கும் செடி 'பக்கத்தில் ஆள் நிற்கிறான்' என்று தெரிந்துகொள்ளும். உடனே கிளை விடுவதை நிறுத்தி, தண்டை நீட்டும். எவ்வளவு நீட்டும் என்பது ரகத்துக்கு ரகம் மாறுகிறது, அதுவும் மரபில் வருகிற குணம்தான். வெட்டவெளியில் தனியாக வளர்த்துப் பார்த்தால் இந்தக் குணம் வெளியே வரவே வராது. குப்பைக்குழி ஓரத்தில் உங்களுக்கும் தெரியவில்லை, அந்த ரகத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் தெரிந்திருக்க வழியில்லை.

இது துவரைக்கு மட்டும் இல்லை. தனிப்பயிரில் முதலிடம் பிடித்த ரகம் ஊடுபயிரிலும் முதலிடம் பிடிக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. சில பயிர்களில் ரகங்களின் தரவரிசை ஓரளவு ஒத்துப்போகும், சிலவற்றில் தலைகீழாகிவிடும்.

ஓய்வு_வாத்தியார் (காவேரிப்பட்டணம்) | மாசி 11

ஐயா, அருமையான விளக்கம். ஆனால் ஒரு சந்தேகம். நம் மாவட்டத்தில் ராகியும் துவரையும், சோளமும் தட்டைப்பயறும், சாமையும் கொள்ளும் என்று காலங்காலமாக ஜோடியாகத்தானே விதைக்கிறார்கள். பக்கத்திலேயே பையூரில் வேளாண் பல்கலைக்கழக நிலையம் இருக்கிறது. பையூர் 1, பையூர் 2 என்று கொள்ளில் ரகமே கொடுத்திருக்கிறார்கள். புதுக்கோட்டைப் பக்கம் வம்பனில் பயறுக்கென்றே தனி மையம் இருக்கிறது. பிறகு ஏன் தேர்வை எல்லாம் தனிப்பயிராகவே வைத்துச் செய்கிறார்கள்?

விதைக்கலயம் | மாசி 12

சார், சோம்பேறித்தனம் இல்லை. கணக்கு உதைக்கும்.

20 துவரை இருக்கிறது, 5 ராகியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று வையுங்கள். 100 ஜோடி. ஒவ்வொன்றையும் மூன்று இடத்தில் போட்டால்தான் நம்பலாம், 300 பாத்தி. ஒப்பிடுவதற்குத் தனிப்பயிர்ப் பாத்தி இன்னும் 75. இது ஒரு ஊரில், ஒரு வருசத்துக்கு. ஆரம்பக் கட்டத்தில் 20 இல்லை, ஆயிரக்கணக்கில் சோதனை ரகங்கள் இருக்கும். விதையும் ரகத்துக்கு ஒரு பிடிதான் இருக்கும்.

அதனால் குறுக்குவழி தேடினார்கள். கலப்பின மக்காச்சோளத்தில் எந்தத் தாய் எந்தத் தந்தையோடு சேரும் என்று பார்க்கிறார்களே, அதே கணக்கை இங்கே கொண்டுவந்தார்கள். ஒரு ரகம் யாரோடு போட்டாலும் சராசரியாக எப்படி நடந்துகொள்கிறது என்பது பொதுக் கலப்புத் திறன். குறிப்பிட்ட ஒரு ஜோடியில் மட்டும் வரும் கூடுதல் லாபமோ நட்டமோ தனிக் கலப்புத் திறன். பொதுத் திறன் பெரிதாக இருந்தால் வேலை சுலபம். ஊரில் எல்லாரும் விதைக்கிற ஒரே ஒரு ராகியைத் துணையாக வைத்து எல்லாத் துவரையையும் சலித்துவிடலாம். தனித் திறன் பெரிதாக இருந்தால்தான் ஜோடி ஜோடியாகப் பார்க்க வேண்டிய தலைவலி.

இது புது யோசனையும் இல்லை. ஹைதராபாத் பக்கம் பட்டான்செருவில் 1972-ல் தொடங்கிய இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் சோளம், துவரை ஜோடியைத்தான் வெகுநாள் தோண்டித் துருவியது. 1979 ஜனவரியில் ஊடுபயிருக்கென்றே உலக அளவில் கூட்டமும் போட்டார்கள். அங்கே வந்த முடிவும் நம் தாத்தாக்கள் சொல்லாததல்ல: சீக்கிரம் முடியும் தானியம், மெதுவாக ஏறும் நீண்டகாலத் துவரை. இந்த ஜோடியில் சோளத்துக்குப் பெரிய இழப்பு இல்லாமலே துவரையிலும் பாதிக்கு மேல் கிடைக்கும்.

அரூர்_சோளக்காரர் | மாசி 12

தனித் திறன் என்றீர்களே, அது என் கொல்லையிலேயே நடந்தது.

சோளத்தில் தட்டைப்பயறு போடுவேன். முதலில் போட்டது கொடி ஓடுகிற சாதி. அது சோளத்தட்டையில் ஏறி, புரட்டாசிக் காற்றில் தட்டையோடு சேர்ந்து படுத்துவிட்டது. அறுக்கப் போன பெண்கள் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. அப்புறம் கொடி ஓடாத குத்துச்செடி வகையை மட்டும் பொறுக்கி நாலைந்து வருசம் விதை எடுத்தேன். சோளத்துக்குள் நன்றாக வந்தது. சரி என்று அதையே மக்காச்சோளத்தில் போட்டேன். சுத்தமாக ஒன்றும் இல்லை. மக்காச்சோளம் ஆள் உயரம் தாண்டி இலையைப் போர்த்திவிடுகிறது, குத்துச்செடிக்குக் கீழே இருட்டு. மக்காச்சோளத்துக்கு ஒருவேளை பழைய கொடிக்காரனே சரிப்பட்டிருப்பானோ என்னவோ.

விதைக்கலயம் | மாசி 12

சரிப்பட்டிருக்கலாம் அண்ணா. தென்னமெரிக்காவில் மக்காச்சோளத்தையே கொழுகொம்பாக வைத்துக் கொடி பீன்ஸ் ஏற்றுவது ரொம்பப் பழைய வழக்கம். ஆனால் அங்கே மக்காச்சோளத் தண்டு சாயாமல் நிற்க வேண்டும். பீன்ஸை மட்டும் தேர்வு செய்து பயனில்லை, தாங்குகிறவனையும் சேர்த்துத்தான் தேர வேண்டும்.

அஞ்செட்டிக்காரி | மாசி 13

எல்லாம் சரி தம்பி. நீண்டகாலத் துவரையைத் தை வரைக்கும் யார் காவல் காப்பது என்பதையும் கொஞ்சம் சொல்லுங்கள்.

எங்கள் ஊரில் ராகி அறுத்த மறுநாளே ஆடு மாட்டை அவிழ்த்துவிடுவார்கள். அது ஊர் வழக்கம், எதிர்த்துப் பேச முடியாது. நடுவில் ஒரே ஒரு சால் துவரை மட்டும் பச்சையாக நின்றால் ஆட்டுக்கு அது கல்யாணச் சாப்பாடு. அதற்கு முன்னாடி யானை வேறு. பன்னேர்கட்டா பக்கத்திலிருந்து கூட்டம் இறங்குவதே ராகி முற்றுகிற நேரம் பார்த்துத்தான். பரண் மேல் உட்கார்ந்து ராத்திரி ராத்திரி தகரம் தட்டினவர்களுக்குத்தான் 'சீக்கிரம் முடிகிற ரகம்' என்பதன் அருமை தெரியும். கடைக்காரர் சொன்னதை நம்பியதற்குக் கல்லுக்கொல்லைத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் ஆசை இருந்தது.

நாங்கள் அதனால்தான் துவரையைக் குறைத்துக்கொண்டு அவரைக்குப் போனோம். இந்தப் பக்கம் கன்னடக்காரர்கள் இப்படி இடைச்சால் விடுவதை அக்கடி சால் என்பார்கள். ராகியில் அக்கடி என்றால் அவரை இல்லாமல் இருக்காது. பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஹெப்பாள் அவரை எந்த மாசம் போட்டாலும் பூக்கும், பகல் நீளத்தைப் பற்றிக் கவலையே இல்லை. தனியாகப் போட்டு வருசம் முழுக்கச் சந்தைக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு அது வரம். நான் ராகிக்குள் போட்டுப் பார்த்தேன். தம்பிக்குத் துவரையில் நடந்ததேதான் எனக்கு அவரையில் நடந்தது. ராகி கதிர் வைக்கும்போதே பூத்து, நிழலில் பூவெல்லாம் கொட்டிவிட்டது.

நாட்டு அவரை மார்கழிப் பனி விழுந்தால்தான் காய்க்கும். காயைப் பறித்தால் விரலில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும், அந்த வாசனை மறுநாள் வரை கையில் இருக்கும். பிதுக்கம் பருப்புக் குழம்புக்கு அது இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் யாரும் தட்டில் கை வைக்க மாட்டார்கள். எங்கள் மாமியார் விதைக்கு எடுக்கிற விதம் தனி. வரப்போரத்துச் செடியில் எடுக்கவே மாட்டார். "ஓரத்துச் செடி ஒண்டியா வளர்ந்தது, அதுக்கு என்னா தெரியும்" என்பார். கொல்லைக்கு நடுவில், ராகி நெருக்கமாக நின்ற இடத்தில் காய்த்த செடியில்தான் விதை எடுப்பார்.

விதைக்கலயம் | மாசி 13

அக்கா, மாமியார் சொன்ன ஒரு வரியைத்தான் நான் இரண்டு பக்கம் எழுதினேன்.

மொட்டைமலை (ஊத்தங்கரை) | மாசி 14

நான் கொஞ்சம் கசப்பாகப் பேசுகிறேன். இந்த ஜோடிப் பயிர்ப் புகழ்ச்சியெல்லாம் கட்டுரைக்குத்தான் நன்றாக இருக்கும். ராகி அறுக்க இப்போது இயந்திரம் வருகிறது. நடுவில் துவரைச் சால் நின்றால் ஓட்டுநர் உள்ளேயே வர மாட்டேன் என்கிறார். ஆள் வைத்து அறுத்தால் கூலிக்கே ராகி போய்விடும். ராகியை ஒரு துண்டில் போடு, துவரையை ஒரு துண்டில் போடு, இரண்டுக்கும் உரிய ரகத்தைப் போடு, முடிந்தது கதை. எதற்கு இந்தத் தலைச்சுற்றல்?

ஓய்வு_வாத்தியார் | மாசி 14

கணக்குப் போட்டுப் பார்க்கலாமே. உதாரணத்துக்கு, ஒரு ஏக்கர் தனி ராகி 8 மூட்டை, தனித் துவரை 4 மூட்டை என்று வைத்துக்கொள்வோம். சேர்த்துப் போட்ட ஏக்கரில் ராகி 7, துவரை 2. எட்டில் ஏழு 0.875, நாலில் இரண்டு 0.5. கூட்டினால் 1.375. அதாவது இந்த விளைச்சலைத் தனித்தனியாக எடுக்க வேண்டுமென்றால் ஒரு ஏக்கர் போதாது, 1.375 ஏக்கர் வேண்டும். இதற்கு நிலச் சமன் விகிதம் என்று பெயர். நிலம் கொஞ்சமாக இருப்பவனுக்கு இந்தக் கால் ஏக்கருக்கு மேற்பட்ட லாபம் சும்மாவா?

மொட்டைமலை | மாசி 14

வாத்தியாரே, அந்த விகிதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. தனியாகப் போட்டால் மட்டமாகக் காய்க்கும் ஒரு துவரையை எடுங்கள், ஏக்கருக்கு 2 மூட்டைதான் என்று வையுங்கள். சேர்த்துப் போட்டால் ஒன்றரை. இரண்டில் ஒன்றரை 0.75! உங்கள் நல்ல ரகத்துக்கு 0.5, என் சோப்ளாங்கிக்கு 0.75. விகிதத்தைப் பார்த்து ரகம் தேர்ந்தெடுத்தால் சோப்ளாங்கிதான் ஜெயிக்கும். மூட்டைக் கணக்கில் அரை மூட்டை நட்டம்.

விதைக்கலயம் | மாசி 15

மொட்டைமலை அண்ணன் சரியாகப் பிடித்தார். இந்த இழையில் இதுவரை வந்த நல்ல கேள்வி இதுதான். ஆராய்ச்சிக்காரர்களே சறுக்கிய இடம். அதனால் ரகங்களை ஒப்பிடும்போது ஒவ்வொன்றையும் அதனதன் தனி விளைச்சலால் வகுக்கக் கூடாது. இருப்பதிலேயே சிறந்த தனிப்பயிர் ரகத்தின் விளைச்சலால் எல்லாவற்றையும் வகுக்க வேண்டும். அப்போது சோப்ளாங்கிக்கு நாலில் ஒன்றரை, 0.375 தான்.

இயந்திர விசயமும் உண்மை. அதற்கு எட்டுக்கு ஒன்று என்பதை மாற்றி, இயந்திரத்தின் அகலத்துக்கு ராகிப் பட்டை, நடுவில் இரண்டு சால் துவரை என்று போடலாம். கர்நாடகத்தில் எட்டுக்கு இரண்டு பரிந்துரையிலேயே இருக்கிறது.

ஆனால் 'தனித்தனியாகப் போடு' என்பதை நான் முழுசாக ஏற்கவில்லை. நம் செம்மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) பெரும்பாலும் இரும்போடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். துவரை வேர் பிசிடிக் அமிலம் என்று ஒன்றைச் சுரந்து அந்த ஒட்டைப் பிரித்துவிடும். 1990-ல் பட்டான்செரு செம்மண்ணிலேயே இதைக் காட்டினார்கள். சோளத்தால் அப்படிச் செய்ய முடியவில்லை. துவரை உதிர்க்கும் இலை மட்கும்போது அந்தச் சத்து அடுத்த வருச ராகிக்குப் போகிறது. தழைச்சத்தும் அப்படித்தான். கூடவே நிற்கும் ராகிக்கு அதே பருவத்தில் பயறு ஊட்டிவிடுவது கொஞ்சம்தான், பெரும்பகுதி அடுத்த பயிருக்கு. சோளத்தோடு கலந்த துவரையில் வாடல் நோய் குறைவதையும் பார்த்திருக்கிறார்கள்.

கல்லுக்கொல்லை | மாசி 16

வீட்டு விதையையே வைத்து, ராகிக்குள் இன்னும் நன்றாக வருகிற மாதிரி நானே தேர்வு செய்ய முடியுமா? மாமியார் பாணியில்?

விதைக்கலயம் | மாசி 17

முடியும். கேட்டதால் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கலவை வேண்டும். ஒரே மாதிரிச் செடிகளுக்குள் எதைத் தேர்வது? உங்கள் விதையோடு பக்கத்து ஊர்களிலிருந்து நாலைந்து வீட்டு விதை வாங்கிக் கலந்து, வழக்கம்போல ராகிக்குள் விதையுங்கள். தேர்வுக்கென்று தனி இடம் ஒதுக்காதீர்கள், உரமும் கூட்டாதீர்கள்.

கொல்லையைப் பத்தடிக்குப் பத்தடி கட்டமாக மனதில் பிரியுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்தக் கட்டத்துக்குள் நல்ல செடி எதுவோ அதை மட்டும் குறியுங்கள். கொல்லை முழுக்கப் பார்த்துப் பெரிய செடியாகப் பொறுக்கினால் பழைய எருக்குவியல் இருந்த மூலையிலிருந்தே எல்லாம் வந்துவிடும். கண்ணுக்குத் தெரிகிற கொழுப்பில் பாதி மண்ணின் கொழுப்பு. வரப்போரம், செடி விடுபட்ட சந்து இரண்டையும் தொடாதீர்கள்.

அடுத்தது, ரொம்பப் பேர் கோட்டைவிடும் இடம். துவரையை மட்டும் எடை போட்டுத் தேர்ந்தால் வருசா வருசம் ராகியை அமுக்குகிற முரட்டுத் துவரையைத்தான் வளர்ப்பீர்கள். அது தான் காய்ப்பதோடு, பக்கத்தில் நிற்கிறவனை என்ன செய்கிறது என்பதும் பார்க்க வேண்டும். அதனால் குறித்த ஒவ்வொரு செடிக்கும் இரண்டு பக்கமும் ஒட்டிய சாலில் ஒரு கை நீளத்துக்கு ராகிக் கதிரைத் தனியாக அறுத்து, உலர்த்தி, எடை போட்டு எழுதுங்கள். துவரை எடை தையில் வரும், அப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒரு செடிக் கணக்கு நம்பிக்கையானது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது முதல் சல்லடைதான். தேறிய செடிகளின் விதையை அடுத்த ஆடியில் செடிக்கு ஒரு சாலாக, மறுபடி ராகிக்குள்ளேயே போட வேண்டும். பத்துச் சாலுக்கு ஒரு தடவை பழைய வீட்டு விதையும் ஒரு சால். உண்மை அந்த வருசம்தான் தெரியும்.

இன்னொரு சங்கடம், துவரைப் பூவில் தேனீ புகுந்து மகரந்தத்தைக் கலந்துவிடும். கொள்ளு மாதிரி தன் மகரந்தத்தில் அடங்கிப்போகிற சாதி இல்லை. பிடித்த செடியில் ஒரு கிளைக்குப் பூ விரியும் முன்பே பழைய கொசுவலைத் துணியில் பை தைத்துக் கட்டிவிடுங்கள். உள்ளே தானாகவே காய் வைக்கும். சான்று விதைக்கு அக்கம்பக்கத்துத் துவரையிலிருந்து 100 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, நமக்கு அது கட்டாது. அதற்காக இரண்டு மூன்று செடிக்குள்ளேயும் குறுக்கிவிடாதீர்கள். விதைச் செடி ஐம்பதாவது இருக்கட்டும்.

சூளகிரி_தக்காளி | மாசி 17

இதைப் படித்ததற்கே எனக்கு இடுப்பு வலிக்கிறது.

அரூர்_சோளக்காரர் | மாசி 17

கம்பெனி விதையை இப்படித் தேர்ந்து நாலு பேருக்குக் கொடுத்தால் வழக்கு ஏதும் வராதா?

ஓய்வு_வாத்தியார் | மாசி 18

2001-ல் வந்த பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தில் விவசாயி தன் விளைச்சலிலிருந்து விதை எடுக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள, பகிர, விற்கக்கூட உரிமை இருக்கிறது. பதிவான ரகமாக இருந்தாலும் சரி. பாக்கெட்டில் பெயர் போட்டு, பிராண்டாக மட்டும் விற்கக் கூடாது. வீட்டு விதைக்கு அந்தக் கவலையே இல்லை. நாமே தேர்ந்த ரகத்தை உழவர் ரகமாகப் பதியவும் வழி இருக்கிறது.

அஞ்செட்டிக்காரி | மாசி 18

கல்லுக்கொல்லைத் தம்பி, எங்கள் பக்கத்துத் துவரை ஒரு படி தருகிறேன். ஆடு கடித்தாலும் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கிற சாதி. அதையும் கலவையில் சேருங்கள்.

கல்லுக்கொல்லை | தை 22

பழைய இழையைத் தூசி தட்டுகிறேன். பதினோரு மாதம் ஓடிவிட்டது.

ஆறு வீட்டு விதை சேர்ந்தது. கலந்து ஆடியில் போட்டேன். ஐப்பசியில் கட்டம் கட்டமாக நடந்து 90 செடிக்குச் சிவப்புத் துணி கட்டினேன். ஊரில் என்னவோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார்கள். ராகிக் கதிரைத் தனித்தனியாக வைக்கப் பை கிடைக்காமல் அம்மா சேர்த்துவைத்திருந்த கல்யாணத் தாம்பூலப் பைகளை எடுத்தேன். 90 பையும் வீட்டு உத்தரத்தில் தொங்கியது. எந்தக் கல்யாணப் பையில் எந்த நம்பர் என்று அம்மாவுக்குத்தான் மனப்பாடம்.

90-ல் 11 செடி வாடலில் போச்சு. 8 செடியை ஆடு முடித்துவிட்டது. மிச்சம் 71-ஐயும் நேற்றுத்தான் எடை போட்டு முடித்தேன்.

துவரை எடையில் முதல் ஐந்து இடத்தில் வந்த செடிகளில் மூன்றுக்குப் பக்கத்து ராகி படுமோசம், பையைத் தூக்கினாலே தெரிகிறது. நான் பாட்டுக்குத் துவரையை மட்டும் பார்த்திருந்தால் அந்த மூன்றைத்தான் தலையில் தூக்கி வைத்திருப்பேன். 14-ம் நம்பரும் 58-ம் நம்பரும் துவரையில் நடுத்தரம், ராகி குறையவே இல்லை. இரண்டும் அடியில் கிளை விடாமல், ராகி உயரத்தைத் தாண்டிய பிறகே கிளைத்த செடிகள். 31-ம் நம்பர் ஒரு கதை. ஆடு உச்சியை மொட்டையாகக் கடித்துவிட்டது. போச்சு என்று விட்டுவிட்டேன். மார்கழியில் பார்த்தால் அடியிலிருந்து நாலு கிளை, தையில் காய்.

விதைக்கலயம் | தை 22

14-ஐயும் 58-ஐயும் இப்போதே கொண்டாட வேண்டாம், மண் கொழுத்த இடமாகவும் இருக்கலாம். அதனால்தான் அடுத்த ஆடியில் செடிக்கு ஒரு சால் போடச் சொன்னேன். அந்த முரட்டு மூன்றையும் தூக்கி எறியாதீர்கள், தனியாகப் பெயர் எழுதி வையுங்கள். மொட்டைமலை அண்ணனுக்குத் தனிப்பயிராகப் போட உதவும்.

மொட்டைமலை | தை 22

கொடுங்கள், போட்டுப் பார்க்கிறேன். கட்டம் எல்லாம் கட்ட மாட்டேன்.

அஞ்செட்டிக்காரி | தை 23

31-ம் நம்பர் நான் கொடுத்த விதைதான், சந்தேகமே இல்லை. எங்கள் ஆட்டுக்குப் பழகிய சாதி. அதில் எனக்கு ஒரு பிடி எடுத்து வையுங்கள் தம்பி.

கல்லுக்கொல்லை | தை 23

அக்கா, 31-ல் கிடைத்ததே ஒரு பிடிதான். ஆடியில் ஒரு சால் போடுகிறேன், வந்து பாருங்கள். ஆட்டை மட்டும் கூட்டிவராதீர்கள்.